ஜன்னலில் நீலம்

பலகை மறுபடியும் ரோஜா நிறத்துக்கு நழுவியது. யெல்மர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

விடிகாலையில் மகன் பிறந்திருக்கிறான்; மாமியார் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிள்ளை பிறந்த வீட்டு ஜன்னலில், சேதி சொல்ல ஒரு மர நாரை நிற்கும். யெல்மர் அதற்குப் பதிலாக, தன் ஆய்வுக்கூடத்தில் செய்த நிறம் மாறும் பலகையை வைத்தான். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா.

அதில் சாயம் ஒரு துளி கிடையாது. கடுகைவிடச் சின்ன உருண்டைகள், அவற்றுக்குள் திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள். மின்சாரம் துகள்களை நெருக்கினால் நீலம், விட்டுவிட்டால் ரோஜா. "ஒம்போது வருஷமா பெயின்ட் கலக்குறார்" என்று ஊரெல்லாம் சொல்லும் மாமியாரின் வாயை இன்று அடைத்தே தீரவேண்டும்.

வீட்டு மாடியிலேயே நடந்த பிரசவத்தின் நடுவே அவன் மயங்கி விழுந்தது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. கண் விழித்தபோது மகன் நீலத் தொப்பியோடு தொட்டிலில் கிடந்தான், மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உடனே எல்லோருக்கும் போன் செய்துவிட்டான்.

மணி அடித்தது. எதிர்வீட்டு கேர்தா, கையில் ரோஜா கவுன்.

"பொண்ணாமே! ஜன்னல்ல பாத்தேன்."

"பையன்தாங்க. பேட்டரி போயிடுச்சு."

டிவி ரிமோட்டின் பேட்டரியைப் பிடுங்கி மாட்டினான். அவசரத்தில் ஒரு கம்பி கழன்றது. இடது பாதி நீலம், வலது பாதி ரோஜா.

கேர்தா மறுபடி ஓடிவந்தாள், இரண்டு கிலுகிலுப்பையோடு. "ரெட்டையா? அமுக்கமா இருந்திட்டியே தம்பி!"

"ஒண்ணுதாங்க!"

கழன்ற கம்பியை அழுத்தினான். மற்ற கம்பியும் கையோடு வந்தது. பலகை முழுக்க ரோஜா. வாசலில் மாமியார்.

"போன்ல பையன்னீங்க, ஜன்னல் வேற சொல்லுது. நிறம்கூட உங்க பேச்சைக் கேக்காதா மாப்ள?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பையன் பிறந்தால் கொடுக்கும் நீலச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் தட்டை நீட்டினான். "பையன்தான் அத்தே. பலகைதான் பொய் சொல்லுது."

பிரசவம் பார்த்த நர்ஸ் டினெகெ குழந்தையோடு மாடியிலிருந்து இறங்கினாள். தட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"மிட்டாயைத்தான் தப்பா வாங்கிட்டீங்க சார், ரோஜாத் தொப்பி நனைஞ்சிடுச்சுன்னு நான்தான் உங்க பொண்ணுக்கு நீலத்தை மாட்டிவிட்டேன்."