எந்த சர்க்கார் டீம்?

மனுவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினோரு பேர், வயது, கைநாட்டு. ‘எந்த சர்க்காரின் குடிகள்?’ என்கிற கட்டம் மட்டும் காலி.

ஆத்மநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் காலிதான். முப்பத்தெட்டாம் வருஷத்துப் புதுக்கோட்டைக் கால்பந்துக் கோப்பைக்கு அவர்தான் காரியதரிசி. சமஸ்தானத்து அணிகளோடு பக்கத்துப் பிரிட்டிஷ் ஜில்லா அணிகளும் வந்து ஆடுகிற போட்டி. தன் சர்க்காரின் முத்திரைக் கடிதம் இல்லாத அணியைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.

“இதை ஏன்யா எழுதாம விட்டீங்க?”

எதிரே நின்ற அய்யாக்கண்ணு தோள்துண்டை இடுப்புக்கு இறக்கினார். எல்லையோரத்துக் கரைமேட்டுப்பட்டியில் உழுது பிழைக்கும் சம்சாரி, மனுப்படி அணித் தலைவர், வயது நாற்பத்தாறு.

“எங்களுக்கே தெரியாதுங்கய்யா. இங்கிட்டுக் கேட்டா அங்கிட்டுப் போங்கிறாங்க. அங்கிட்டுக் கேட்டா இங்கிட்டுத் தள்ளுறாங்க. எங்க ஊரு ரெண்டு மேப்புலயும் இல்லையாம்.”

“பெறகு எப்படிய்யா சேக்கிறது?”

“நீங்கதான் பாத்துச் சொல்லணும். எங்களையும் ஒரு எடத்துல சேத்து விடுங்க.”

பந்தாட ஆசைப்பட்டு இருபது மைல் நடந்து வந்தவனை எல்லைக்கோட்டைக் காட்டித் துரத்துவது என்ன நியாயம்? எப்பாடு பட்டாவது இவர்களைச் சேர்த்துவிடுவது என்று ஆத்மநாதன் தீர்மானித்தார். பாவம், நல்ல மனுஷர். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு பக்கத்துக்கும் கடிதம் எழுதினார். ‘எங்கள் ஊர் அல்ல’ என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே வாரத்தில் பதில் வந்தது.

சரி, எந்தச் சர்க்காரும் வேண்டாம், தனி அணியாக ஆடட்டும் என்று பட்டியலில் சேர்த்தார். மறுநாளே ஆலங்குடி அணித் தலைவர் ராமு வந்து நின்றார்.

“கரைமேட்டுப்பட்டி தனி நாடுன்னா எங்க தெக்குத் தெருவும் தனி நாடுதாங்க. எங்களுக்கும் ஒரு டீம் குடுங்க.”

“அது எப்படிங்க முடியும்?”

“அவங்களுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுச்சு? ஆள் பலமான டீமோ? அதான் ரெண்டு சர்க்காரும் பயப்படுதோ?”

அந்தப் பேச்சு சந்தைக்குச் சந்தை பரவியது. பொன்னமராவதியை எட்டுவதற்குள் கரைமேட்டுப்பட்டிக்காரன் உதைத்தால் பந்து கிழியும் என்றாகிவிட்டது. ஊருக்கு ஊர் ஆட்சேப மனு குவிந்தது.

கமிட்டித் தலைவர் தேனப்பச் செட்டியார் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஆத்மநாதன், உம்மால கமிட்டி கவுந்துரும் போலருக்கே.”

“நியாயம்னு ஒண்ணு இருக்குங்களே, செட்டியாரய்யா.”

“நியாயத்தை வச்சிக்கிட்டுக் கோல் போட முடியுமாய்யா? அவங்களைப் பக்கத்து ஜில்லாத் தலையில கட்டிவிடும்.”

கட்டப் பார்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ‘உங்கள் ஊரை எங்கள் மீது சுமத்துகிறீர்கள், இனி உங்கள் போட்டிக்கு வரமாட்டோம்’ என்று அந்த ஜில்லாச் சங்கம் தந்தியடித்தது.

தந்தியைப் படித்த செட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அவங்க வேண்டாம்னு சொல்றாங்களா? அப்ப அது நம்ம ஊருதான்யா. எழுதும்.”

வீம்பு ஒன்று வந்துவிட்டால் காகிதத்துக்குக் கால் முளைத்துவிடும். கமிட்டித் தீர்மானம் சமஸ்தானத்து மேலாபீசுக்குப் போனது. அவர்களுக்கும் ரோஷம் வந்தது. ‘கரைமேட்டுப்பட்டி ஆதி முதல் சமஸ்தானத்தைச் சேர்ந்ததே’ என்று முத்திரை போட்ட உத்தரவு நாலாம் நாள் வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கியபோது அய்யாக்கண்ணு அழுதார். ஆத்மநாதனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆட்டத்தன்று கூட்டம் தாங்கவில்லை. ஆலங்குடி அணி நடுங்கிக்கொண்டே இறங்கியது. எதிரே பதினோரு பேர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். விசில் ஒலித்தது.

பந்து அய்யாக்கண்ணுவின் காலடிக்கு உருண்டு வந்தது. அவர் குனிந்து அதைக் கையில் எடுத்தார். மண்ணைத் தட்டினார். மரியாதையாக ராமுவிடம் நீட்டினார்.

“ஒங்களுதுங்களா, தம்பி?”

பாதி ஆட்டத்துக்குள் பத்தொன்பது கோல். முதலில் சிரித்த கூட்டம் பிறகு சிரிக்கவும் அலுத்துக் கலையத் தொடங்கியிருந்தது. ஆத்மநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். இதற்கா ஊரைப் பகைத்தோம்? மைதானத்து ஓரத்தில் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்த அய்யாக்கண்ணுவின் மனைவி இருளாயியிடம் போனார்.

“ஏம்மா, உங்க ஆளுங்க பந்தையே பாத்ததில்லையா?”

இருளாயி எழுந்து நின்று, முந்தானையில் முடிந்திருந்த உத்தரவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“இன்னிக்குத்தாங்க பாக்குறாங்க. கண்மாய்க் கரை ஒடஞ்சு, அடைச்சுத் தாங்கன்னு மூணு வருசமா மனுக் குடுத்தோம், எங்க ஊரே இல்லன்னு ரெண்டு சர்க்காரும் வெரட்டிருச்சு. பந்தாட வாரோம்னு எழுதிப் போட்டாத்தான் ஊரு யாருதுன்னு அடிச்சுக்கிட்டுச் சீல் குத்தித் தருவாங்கன்னு எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு.”