பறவை வயிற்றில் மன்னர் முகம்

நுரைநாட்டில் கடல் எப்படி இருக்கிறது என்று யாரும் கடலைப் போய்ப் பார்ப்பதில்லை. கரையில் செத்து ஒதுங்கும் பறவைகளின் வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். நூறு பறவைகளில் பத்துக்கு மேல் வயிற்றில் பிளாஸ்டிக் குப்பை இருந்தால் பிளாஸ்டிக் பட்டறைகளை மூடிவிட வேண்டும். இப்போதைய மன்னரின் அப்பா போட்ட சட்டம். பாவம், பிள்ளையை நம்பிப் போட்டுவிட்டார் மனுஷர்.

வயிறு பார்க்கும் வேலை நீலவேணிக்கு. அந்த வருஷம் தேர்தல். நுரைநாட்டில் மன்னருக்கும் தேர்தல் உண்டு. எதிர்த்து நிற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. இருந்தாலும் மன்னர் வாகைசூடி தன் முகம் பதித்த பிளாஸ்டிக் வில்லைகளை ஊரெல்லாம் வாரி இறைத்தார். மழை வந்து எல்லாவற்றையும் கடலில் சேர்த்தது. பளபளவென்று மிதந்ததை மீன் என்று நினைத்துப் பறவைகள் விழுங்கின. நீலவேணி திறந்த நூறு வயிற்றிலும் மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஆறவேயில்லை. இதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தால் பட்டறைகளை மூடுவார்கள், மிச்சப் பறவைகளாவது பிழைக்கும் என்று அரண்மனைக்கு நடந்தாள்.

அமைச்சர் அறம்வளர்த்தான் படித்துவிட்டு நிமிர்ந்தார். "குப்பை என்று எழுதியிருக்கிறாயே அம்மா. மன்னர் திருமுகம் குப்பையா?"

"செத்த பறவை வயிற்றில் கிடந்தது ஐயா."

"எங்கே கிடந்தாலும் திருமுகம் திருமுகம்தானே?"

அன்று மாலையே ஆணை வந்தது: மன்னர் முகம் உள்ள எதுவும் குப்பை ஆகாது. பட்டறைக்காரர்கள் விடுவார்களா? மறுநாளிலிருந்து பை, புட்டி, உறிஞ்சுகுழல் எல்லாவற்றிலும் மன்னர் சிரித்தார். நாட்டில் குப்பையே இல்லாமல் போயிற்று. கரையில் நடக்கத்தான் இடமில்லை.

நீலவேணியும் விடவில்லை. மறுபடி எழுதினாள்: 'நூறு பறவைகள். நூறும் மன்னர் திருமுகத்தை விழுங்கியிருந்தன.' இதில் என்னத்தைத் திரிப்பார்கள், பார்ப்போம் என்று நேரே மன்னரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. "நூற்றுக்கு நூறு ஆதரவு. மனுஷர்கள்கூட இவ்வளவு கொடுத்ததில்லை. எல்லாரையும் வாக்காளர் பட்டியலில் சேருங்கள்."

"மன்னா, எல்லாம் செத்துப்போனவை" என்றாள் நீலவேணி.

அமைச்சர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அதுதானம்மா வசதி. இனி மனசு மாற மாட்டார்கள்."

தேர்தல் அன்று நீலவேணி வரிசையில் நின்றாள். சாவடி வாசலில் ஒரு தட்டு நிறைய வில்லைகளும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் நின்றவர் விழுங்கிக்கொண்டிருந்தார்.