கையெழுத்துப் போட ஓர் அக்கா

அது திங்கட்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் தங்கச்சாமி சொன்ன பொய்களின் வரிசைகூட முன்பின்னாக இருக்கலாம்.

சர்க்கரை இறங்கி விழுந்தவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயது எழுபத்திரண்டு. மம்சாபுரத்தில் தனி ஆள். வீட்டில் ஆடு நிறைசினை. அது குட்டி போடுவதற்குள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை.

"தாத்தா, வீட்ல கூட யாரு இருக்கா?" நர்ஸ் செலினா படிவத்தோடு நின்றாள்.

தனி ஆள் என்றால் இன்னும் நாலு நாள் வைத்திருப்பார்கள்.

"மகன் ராம்கி."

"போன் போட்டுக் குடுங்க."

"அவன் திருப்பூர்ல இருக்கான்."

"அப்ப வீட்ல?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அக்கா."

"நல்லதாப் போச்சு. அவங்க வந்து கையெழுத்துப் போட்டா இன்னைக்கே போகலாம்."

தங்கச்சாமிக்கு அக்கா கிடையாது. குழாயடிக்குப் போனார். திரும்பும்போது கூட ஓர் அம்மாள். ஒரு கையில் தூக்குவாளி, மற்றது முந்தானைக்குள்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் ஆச்சி" என்றார் தங்கச்சாமி.

"அக்கான்னு சொல்லுங்க. மாட்டிக்கிடப் போறோம்."

செலினா அந்த அம்மாளைப் பார்த்தாள். "காலையில இவருக்கு என்ன குடுப்பீங்க?"

"கம்பங்கூழு" என்றாள் அக்கா. "இட்லி" என்றார் தம்பி.

"கம்புல இட்லி."

"மாத்திரை?"

"குடுப்பேன். இவன் துப்பிருவான்."

"நான் எங்க துப்புனேன்?"

"துப்புவான் தாயி. சின்னதுலருந்தே."

"தம்பி பேரு என்ன?"

எங்கோ இருமிக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் தம்பின்னுதான் கூப்பிடுவேன்."

செலினா பேனாவை மூடினாள். தங்கச்சாமி படுக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பெண்கள் வார்டு ஆயா மாரிக்கனி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "வெள்ளத்தாயாச்சி! கையில குளுக்கோஸ் ஊசியோட எங்கன போனீக? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத் தம்பி வந்திருக்கான்னு சொன்னீகளே, அது இவருதானா?"

இருவரையும் நாலு நாள் கழித்துத்தான் அனுப்பினார்கள். ஆடு யாருக்கும் காத்திருக்காமல் இரண்டு குட்டி போட்டது. தங்கச்சாமி மம்சாபுரத்தில் இருக்கிறார். வெள்ளத்தாய் சோழபுரத்தில், ஒரு குட்டியோடு இருக்கிறாள். ராம்கி திருப்பூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அத்தை நல்லா இருக்காங்களா?" என்று கேட்கிறான்.