சமையலறையில் இரண்டு நாற்காலிகள்

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. சொட்டு விழும் சத்தம், ஆடிப் பழகிக்கொண்டிருந்த அவளுடைய தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே வந்தது. கணவன் குழாயின் திருகை இறுக்கினான். அது கையோடு வந்துவிட்டது.

"ஏங்க, சொட்டுனதே தேவலாம். இப்ப பீச்சுது."

துண்டைச் சுற்றினான், தண்ணீர் பக்கவாட்டில் பாய்ந்து அவனையே குளிப்பாட்டியது. கடைசியில் வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் அடைத்துவிட்டு வந்தான். ஆட்டத்தில் அவள் பாத்திரம் கழுவ வேண்டும். கழுவுகிற மாதிரி கையால் காட்டு, அதற்குத்தானே இத்தனை வருஷம் கற்றுக்கொண்டாய் என்றான்.

மேடை கிடையாது. சமையலறைதான் ஆடும் இடம், இரண்டு நாற்காலிதான் அரங்கம். பார்க்க வருகிறவர்கள் பேசக்கூடாது. எழுந்து நடக்கலாம், எதையும் தொட்டுப் பார்க்கலாம். இதுவரை அந்த நாற்காலிகளில் தங்கையும் நாத்தனாரும் கணவனின் அலுவலக நண்பரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நண்பர் நன்றாகத் தூங்கினார். எல்லோரும் பாசத்தால் வந்தவர்கள். பாசம் பார்ப்பதில்லை, பொறுத்துக்கொள்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இன்றுதான் முதன்முதலாக, முன்பின் தெரியாத இருவர் போனில் கேட்டு வருகிறார்கள். அவர்களும் பார்க்காவிட்டால் இத்தோடு விட்டுவிடுவது என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தாள்.

கணவன் ஈரச் சட்டையோடு வாசலில் நின்றான். படியேறி வந்த தம்பதி வாயைத் திறக்குமுன் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தான்.

ஆடினாள். கை மேலே போனபோது அந்தப் பெண்ணின் கண்ணும் கூடவே போய், கூரையின் மூலையில் நெடுநேரம் நின்றது. பிறகு அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். அவள் கணவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். அந்தத் தட்டலையே தாளமாக எடுத்துக்கொண்டு இவள் சுழன்றாள். நாத்தனார் ஒருநாளும் சுவரைத் தட்டியதில்லை.

"மழை பெஞ்சா இங்க ஒழுகுமா?" அவர் மெல்லக் கேட்டார்.

பேசியது தப்புதான். ஆனால் எப்பேர்ப்பட்ட கேள்வி. ஆட்டத்தை நிறுத்தாமல் பத்து விரலாலும் மழையைப் பெய்யவிட்டாள், சுவரில் வழியவிட்டாள். அவர் முகம் கவலையில் சுருங்கியது. இந்த ஒரு முகத்துக்காகத்தான் இத்தனை நாள் ஆடினேனோ என்று நினைத்துக்கொண்டாள். கழுவும் கட்டத்தில் அந்தப் பெண் அருகே வந்து, வறண்ட குழாயின் கீழே கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முடிந்ததும் கைகூப்பினாள். "என்னை இதுவரைக்கும் யாரும் இப்படிப் பார்த்ததில்ல. ரொம்ப நன்றிங்க."

"நாங்களும் எவ்வளவோ வீடு பார்த்தாச்சும்மா," என்றாள் அந்தப் பெண். "யாரும் இவ்வளவு சிரமப்பட்டுக் காட்டினதில்ல. ஒழுகுறதைக்கூட மறைக்கல. எப்ப காலி பண்றீங்க?"

காலி பண்ணப்போவது எதிர்வீட்டு அக்கா. வீடு பார்க்க ஆள் வரும் என்று காலையிலிருந்து கதவைத் திறந்துபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் போனில் கேட்டவர்கள் எங்கே? எந்தக் கதவென்று சொன்னாய் என்றான் கணவன்.

"இடது பக்கக் கதவு."

"படியேறி வந்தா நம்ம வீடு வலது பக்கம்."

"ஆடுறவ வர்றவங்களைப் பார்த்துத்தானே நிப்பா? எனக்கு அது இடதுதான்."

அவன் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. வீட்டுக்காகவே இருக்கட்டும், அந்தப் பெண் பார்த்தாள் அல்லவா. அவள் கணவர் தட்டிய சுவரைத் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

அப்போது எதிர்வீட்டு அக்கா, சேலையை இடுப்பில் செருகியபடி, ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்றாள். வீடு பார்க்க வந்த இரண்டு பேர் அவள் வீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். சரிதான் என்று அக்காவும் தன் வேலையைப் பார்த்தாளாம்.

"துடைச்சு முடிச்சு நிமிர்றேன், ரெண்டு பேரும் எழுந்து நின்னு கைதட்டுறாங்க," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதே தரையைத்தான் துடைக்கிறேன், ஒருத்தரும் கைதட்டினதில்ல. நான் காலி பண்றதா இல்லம்மா, நாளைக்கும் வரச் சொல்லிட்டேன்."