பதினான்கு கிராம்

புதன்கிழமை, காலை எட்டேகால் மணி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உடம்பிலும் குப்பையிலும் எடை குறைந்து சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் எடை குறையாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன வாரம் போனில் பேசும்போது, "என்ன அத்தான், குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டீர்கள். உங்கள் அக்கா பக்கத்தில் நின்றதால் சளி என்றேன். சளி இல்லை. காரணத்தை வரிசையாக எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஊரார் தராசுக்கெல்லாம் முத்திரை வைத்தவன் நான். கூட்டியோ குறைத்தோ எழுத எனக்கு வராது.

எங்கள் அடுக்குமாடியில் நாற்பது வீடுகள். இந்த மாதம் ஒன்றாம் தேதி முதல் குடியிருப்போர் சங்கம் ஒரு போட்டி நடத்துகிறது. வீட்டுக்கு ஒரு கண்ணாடி ஜாடி. வீட்டுக்குள் வந்து, வேலை முடிந்து, வெளியே எறியவேண்டிய பிளாஸ்டிக் எதுவானாலும் அந்த ஜாடிக்குள் போகவேண்டும். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கீழே கூட்ட அறையில் எல்லா ஜாடிகளையும் எடை போடுவார்கள். யார் ஜாடி மிகக் குறைவோ அந்த வீட்டு வாசலில் 'முன்மாதிரி வீடு' என்று பலகை மாட்டுவார்கள். போட்டியை யோசித்தது, நோட்டீஸ் எழுதியது, வீடு வீடாகப் போய் ஜாடி கொடுத்தது எல்லாம் உங்கள் அக்கா. எடை போடும் பொறுப்பு எனக்கு. அதைக் கேட்டு நாற்பது வீட்டுக்காரர்களும் கை தட்டினார்கள். "சார் வாயால ஒரு எடை சொன்னா அதுதான் எடை" என்று மூன்றாம் மாடி வங்கிக்காரர் எழுந்து நின்று சொன்னார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. "எடை போடறதுக்கு முன்னாடி உங்க எல்லார் கண் முன்னாடியும் என் பித்தளைப் படிக்கற்களை வெச்சுத் தராசைச் சோதிச்சுக் காட்டுவேன்" என்று அறிவித்துவிட்டேன். இதை நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறை அலமாரி காலி. பிளாஸ்டிக் டப்பா ஒன்று விடாமல் இறக்கித் தரையில் அடுக்கியிருந்தாள். எண்ணினேன், நாற்பத்தொன்று. "நல்லா இருக்கற டப்பாவைத் தூக்கிப் போட்டா அதுவும் குப்பைதானே?" என்று கேட்டேன். "போட்டி நாளைக்குத்தாங்க ஆரம்பம். இது போன மாசக் கணக்கு" என்றாள். மறுநாள் காலையில் டப்பாக்கள் இல்லை. எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "நல்ல இடத்துல இருக்கு" என்கிறாள், ஏதோ பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி. அவற்றுக்குப் பதிலாக ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள் வந்தன. பெயர் ஒட்டினால் ஒட்டும் தாளில் பிளாஸ்டிக் இருக்கிறதாம், அதனால் பெயரும் கிடையாது. சர்க்கரை, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பொடி மூன்றும் வெள்ளை. முதல் வாரத்தில் நான் இனிப்பாகப் பல் தேய்த்து, நுரையோடு காபி குடித்தேன். "ஒரு வாரத்துல பழகிடும்" என்றாள். பழகவில்லை மாப்பிள்ளை, நாக்குதான் மரத்துவிட்டது.

கடைக்குப் போவது என் வேலை. பை கூடாது, உறை கூடாது, எவர்சில்வர் தூக்கில்தான் வாங்கி வரவேண்டும். நான் தூக்கோடு மளிகைக் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பதினாறு வருடத்துக்கு முன்னால் அவர் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த ஈயத்துண்டை நான்தான் பிடுங்கினேன். "சார், ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்களே!" என்றார். "ஆயிட்டேன்பா. ஒரு கிலோ சர்க்கரை போடு. முதல்ல காலித் தூக்கை எடை போட்டுக் கழிச்சுக்கோ" என்றேன். அவ்வளவுதான், அவருக்கு இது திடீர்ச் சோதனை என்றே தோன்றிவிட்டது. காலித் தூக்கை மூன்று முறை எடை போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு கிராம், மூன்று முறையும் சரி. பிறகு முத்திரைச் சான்றிதழைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். எனக்குப் பின்னால் பதினோரு பேர். "பெரியவரே, சர்க்கரை வாங்க வந்தீங்களா, கடையையே வாங்க வந்தீங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். மருந்துக்கடையில் இதைவிடக் கேவலம். மாத்திரைப் பட்டை ஜாடிக்குள் போனால் எடை கூடும் என்று உங்கள் அக்கா ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, மாத்திரையை உதிரியாக வாங்கிவரச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஐயா, இது பிரஷர் மாத்திரை, படியால அள்ளிப் போடறதுக்குப் பொரியா?" என்றார். எனக்கு அங்கேயே பிரஷர் ஏறிவிட்டது.

பால்கனியில் உரத்தொட்டி வைத்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். காய்கறித் தோல், காபித் தூள், வாடிய இலை எல்லாம் அதில் போட்டு மூடவேண்டும். பத்தாம் நாள் தொட்டிக்குள் ஏதோ நெளிந்தது. "புழு வந்திருக்கே" என்றேன். "அது வேலைக்கு வந்திருக்குங்க" என்றாள். பன்னிரண்டாம் நாள் தொட்டியின் அடிக்குழாய் கழன்று, கீழ்வீட்டுப் பல் டாக்டர் கொடியில் உலர்த்தியிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் சொட்டிவிட்டது. கோட்டை ஒரு குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் மேலே வந்தார். உங்கள் அக்கா கொஞ்சமும் பதறாமல், "டாக்டர், இது செடிக்கு ரொம்ப நல்லது. பத்து மடங்கு தண்ணி கலந்து ஊத்தணும்" என்றாள். "நான் செடி இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு எனக்கு வணக்கம் சொல்வதில்லை. என் கடைவாய்ப் பல் பாதி வேலையில் நிற்கிறது.

போன முறை நீங்கள் திராட்சை வாங்கிவந்தபோது நடந்ததற்கும் வருந்துகிறேன். பழத்துக்கு வலை, வலைக்கு டப்பா, டப்பாவுக்கு மேலுறை, அதற்கு ஒரு பை. பழத்தை மட்டும் வாசலிலேயே எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் உங்கள் கையில் கொடுத்து, "தம்பி, இதை உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடு" என்றாளே, அப்போதும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. பழக்கப்பட்ட மனிதரைப்போல வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் பொறுமையை அன்றைக்கே மெச்சினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஜாடி இன்றைய தேதிக்குப் பதினான்கு கிராம். எங்களுக்கு அடுத்தது மூன்றாம் மாடி வங்கிக்காரர் ஜாடி, ஐம்பத்திரண்டு என்று உங்கள் அக்கா போய்ப் பார்த்து வந்திருக்கிறாள். பலகை எங்களுக்குத்தான் என்று அவள் வாசல் கதவில் ஆணிகூட அடித்துவிட்டாள். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. காய் நறுக்கும்போது தானாகச் சிரிக்கிறாள்.

ஆனால் அந்தப் பதினான்கு கிராம் பொய் மாப்பிள்ளை. தினமும் மாலை நடைக்குப் போகும்போது நான் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட் சாப்பிடுகிறேன். முப்பது வருடப் பழக்கம். உறை இருப்பதால் பிஸ்கட் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடை. அதனால் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தின்கிறேன். தின்ற பிறகுதான் வினை. உறையை எங்கே போடுவது? பூங்காக் குப்பைத்தொட்டியில் போடலாம் என்று போனால், அதன் மேல் இரண்டு பெரிய கண்கள் வரைந்து 'நீங்கள் எறிவது எங்கே போகிறது?' என்று எழுதியிருக்கிறது. வரைந்தது உங்கள் அக்கா. கண்களும் அவள் கண்கள் மாதிரியே இருக்கின்றன. தெருவில் எறிய மனம் வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவள் தொடாத ஒரே இடத்தில் வைத்தேன். பணி ஓய்வின்போது அலுவலகத்தில் கொடுத்த பித்தளைப் படிக்கற்களின் மரப்பெட்டி அது. ஒன்றாம் தேதியிலிருந்து நேற்றுவரை இருபத்தைந்து நாள். ஒரு நாள் மழை, நடை இல்லை. ஆக இருபத்துநான்கு உறைகள். ஒன்று இரண்டரை கிராம், மொத்தம் அறுபது. இடம் போதாமல் ஒரு கிலோ கல்லை எடுத்து என் காலுறைக்குள் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டின் உண்மையான எடை எழுபத்துநான்கு கிராம். வங்கிக்காரர்தான் ஜெயித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை நாற்பது வீட்டுக்காரர்கள் முன்னால் நான் திறந்தாகவேண்டும். திறந்தால் உறைகள் குபுகுபுவென்று வெளியே வரும். அதற்குள் பெட்டி காலியாகவேண்டும். ஜாடியில் இருப்பதைத்தானே எடை போடப்போகிறேன், வீட்டில் இருப்பதை இல்லையே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்த மளிகைக் கடைக்காரர் பதினாறு வருடத்துக்கு முன்னால் இதையேதான் சொன்னார்: "தட்டுக்கு மேல இருக்கறது மட்டும்தான் சார் எடை." நான் தராசைப் பறிமுதல் செய்தேன். இப்போது என்னை யார் பறிமுதல் செய்வது? வாழ்நாளில் ஒரு பொய் எடை சொன்னதில்லை. சொன்னால் அன்றோடு நான் ஆய்வாளராக இருந்ததே பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் உங்கள் அக்கா தான் கூட்டிய கூட்டத்திலேயே தலைகுனிந்து நிற்பாள், அதுவும் என் வாயால். எது செய்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

யோசித்து யோசித்து இந்த முடிவுக்கு வந்தேன். தரைத்தளத்தில் இருக்கிற பஸ் கண்டக்டருக்குப் புதன்கிழமைதோறும் உங்கள் ஊர் வண்டி. நல்ல மனிதர். இந்த மாதம் புதன்கிழமைகளில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு கையிலும் ஏழெட்டுத் துணிப்பைகள் தொங்குகின்றன. போட்டி அவரையே எப்படித் துணிப்பைக்கு மாற்றிவிட்டது பாருங்கள்! அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு மஞ்சள் பையையும் கொடுத்தனுப்புகிறேன். பையில் இருபத்துநான்கு உறைகளும் இருக்கின்றன. மடித்துத்தான் வைத்திருக்கிறேன். ஞாயிறு கழியும்வரை உங்கள் வீட்டில் எங்காவது வையுங்கள். அக்காவிடம் மூச்சு விடவேண்டாம். அவள் இந்தப் போட்டியை எவ்வளவு நேர்மையாக நடத்துகிறாள் என்பதைக் கூடவே இருந்து பார்க்கிறவன் நான். இது தெரிந்தால் தாங்கமாட்டாள்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நிறைய விளையாடி, சரியான எடையோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: கடைசிப் பாக்கெட்டில் இரண்டு பிஸ்கட் மிச்சம் இருக்கிறது. மனசு சரியில்லாததால் முடிக்க முடியவில்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கவும்.

தம்பி, இது அக்கா எழுதறேன். கண்டக்டர் ரெண்டு மஞ்சள் பையைத் தூக்கிட்டு நேரா என்கிட்ட வந்து, "அம்மா, வாராவாரம் நீங்க குடுக்கற பை ஒண்ணுதானே, இன்னைக்கு சாரும் ஒண்ணு குடுத்தாரு, ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானா?" என்று கேட்டார். பையோடு கடிதமும் இருந்தது. நின்றபடியே படித்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். மூணு வாரமா நான் அனுப்பின குப்பைப் பைகளைப் பத்தி நீ இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு தெரியுது. சமத்து. மீதிப் பையெல்லாம் யாருதுன்னு கண்டக்டரைக் கேட்டேன். முதலில் மழுப்பினார். கடைசியில் சொல்லிட்டார்: மூணாவது மாடி வங்கிக்காரர் வீட்டுப் பை அவர் மச்சினி வீட்டுக்குப் போகுதாம், பல் டாக்டர் பை அவர் கிளினிக்குக்குப் போகுதாம். மொத்தம் எட்டு வீடு.

இவர் வாயிலிருந்து ஒரு பொய் எடை வர நான் காரணமா இருக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே நீ என் மூணு பையையும் இந்த ரெண்டு பையையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு. மத்த ஏழு வீட்டுப் பையையும் அன்னைக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கண்டக்டர்கிட்ட பேசிவிட்டேன். எல்லாம் ஜாடியோட சேர்ந்து தட்டில் ஏறட்டும். எங்க பைதான் முதல்ல. சமையலறைத் தராசு பத்தாது, பரண்மேல இருக்கிற பெரிய தராசை இறக்கித் துடைக்கச் சொல்லப்போறேன். எதுக்குன்னு சொல்லமாட்டேன், நாலு நாள் யோசிக்கட்டும்.

வரும்போது அத்தானுக்கு உதிரி பிஸ்கட் கால் கிலோ வாங்கிட்டு வா. உறை வேண்டாம். உன்கிட்ட இருக்கிற என் நாற்பத்தொரு டப்பாவுல ஒண்ணுல போட்டுக்கோ.