பீரோவுக்குள் போன சிபியூ

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. வைட்ஃபீல்டில் பதினோரு வருடமாக நான் செய்வது, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிக்கும் வேலை. ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தது கிடையாது. (திருப்பத்தூரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடவும்.)

என் மனைவி ஸ்டெல்லா ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் தமிழ் டீச்சர். சர்ச்சில் பாடகர் குழு. ஆனேக்கல் பக்கம் பார்வையற்ற மாணவிகள் தங்கும் விடுதி ஒன்று உண்டு. அங்கிருந்து ஓசூருக்குப் போய்த் தமிழ் வழியில் ப்ளஸ் டூ படிக்கும் பெண்களுக்காக, வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் வகுப்பு முடித்து வந்து, காபியைக்கூட ஆறவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை விடுதி வார்டன் அம்மாவிடமிருந்து போன். “மிஸ், உங்க குரல் ரொம்ப நல்லாருக்கு. ஆனா கடைசி ரெண்டு பாடத்துல பின்னாடி மாவு மெஷின் ஓடுது. புள்ளைங்களுக்குத் தலை வலிக்குதாம்.”

அந்த மாவு மெஷின் எங்கள் வீட்டு டெஸ்க்டாப். கொஞ்ச நாளாகவே ‘கொர்ர்’ரென்று இரைந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் பரீட்சை. இரண்டு பாடங்களையும் மறுபடி வாசித்துத் திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

“அழுக்குப் பக்கத்தைப் படிக்கச் சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? அவங்களுக்கு இந்தச் சத்தம் அப்படித்தான்பா,” என்றாள் ஸ்டெல்லா.

“விடு. நான் பாத்துக்கறேன்,” என்றேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகுதான் நடந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்தேன். சிபியூ பெட்டியைத் தூக்கி இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். குளிர்காலத்துக்கு வாங்கிய கனமான ரஜாய்ப் போர்வையை எடுத்து நாலு பக்கமும் சுற்றினேன். ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் துண்டைத் திணித்தேன். ஒயர்களை மட்டும் வெளியே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். சத்தம் சுத்தமாக நின்றுபோனது. எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாத குறை.

வந்தவள் பீரோவைப் பார்த்தாள். “அது மூச்சு விட வேணாமா?”

“பதினோரு வருஷமா இதே ஃபீல்டுல இருக்கேன், ஸ்டெல்லா.”

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். வாசிக்க உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒரு சொல் தடுக்காமல், ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தாள். பாடம் முடிய இரண்டு பக்கம் இருக்கும்போது திரை கறுத்துப்போனது.

பீரோவைத் திறந்தேன். பிரியாணி தம் உடைத்ததுபோல அனல் முகத்தில் அடித்தது. கூடவே, அவளுடைய கல்யாணப் புடவைக்குள் போட்டிருந்த பாச்சை உருண்டைகள் சூடேறி, வீடு முழுக்க வாசனை. பெட்டியைத் தொட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டேன். ஆறவைத்துப் போட்டபோது உயிர் வந்தது, பதிவு வரவில்லை.

திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பெட்டியை மேசைமேல் வைக்கச் சொல்லி, ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஃபேனை மாத்திடலாமா?” என்று கேட்டேன்.

“ஒந்து நிமிஷ, பேசாதீங்க,” என்றாள், பாதிக் கன்னடத்தில். பாடகர் குழுவில் நாற்பது பேர் பாடும்போது யார் சுருதி விலகினார்கள் என்று சொல்கிற காது அது. “ஒரு சத்தம் இல்லப்பா. நாலு சத்தம் கேக்குது.”

பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். ஓர் அதிர்வு நின்றது. “இது ஒண்ணு.” பெட்டியை லேசாகத் தூக்கினாள். இரைச்சல் பாதியானது. “மேசையும் சேந்து பாடுது.” பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஒயரை உருவி, மூடியைக் கழற்றச் சொன்னாள். (எந்தப் பக்கம் திருகுவது என்று அவள்தான் காட்டினாள்.) ஃபேன் இறக்கைகளில் கம்பளிபோல் தூசி. ஓர் ஒயர் தொங்கி இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது.

நான் டார்ச் பிடித்தேன். அந்த நாளில் எனக்குத் தரப்பட்ட முழுப் பொறுப்பும் அதுதான். இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். ஒயரை நூலால் ஒதுக்கிக் கட்டினாள். தளர்ந்த திருகுகளை முறுக்கினாள். பிறகு என் ஹவாய் செருப்பில் ஒன்றை எடுத்து நான்காக நறுக்கி, பெட்டியைத் தரையில் இறக்கி, நாலு மூலைக்கும் அடியில் வைத்தாள்.

“என் செருப்புதானா கிடைச்சுது?”

“பின்ன, ரஜாய் போத்தினது யாரு?”

சுவிட்சைப் போட்டாள். ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படியே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். போன பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குரலில் துளி அலுப்பு கிடையாது. சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இவளைக் கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது. திங்கள் காலை இரண்டு பாடங்களும் போய்ச் சேர்ந்தன.

பரீட்சை முடிந்ததும் விடுதியில் எங்களை அழைத்திருந்தார்கள். மாணவிகள் ஸ்டெல்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஓரமாக நின்று, “எல்லாரும் பரீட்சை நல்லா எழுதினீங்களா?” என்றேன்.

காவ்யா என்ற பெண் என் பக்கம் தலையைத் திருப்பினாள். “சார், ‘இப்ப சத்தம் வருதா?’ நீங்கதான?”

எனக்குப் புரியவில்லை. வார்டன் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவைப் போட்டுக் காட்டினார். ஸ்டெல்லாவின் குரல்: “தொண்டர்கள் கடற்கரையை நோக்கி அமைதியாக நடந்தார்கள்.” உடனே கதவு கிறீச்சிடுகிறது. என் குரல்: “இப்ப சத்தம் வருதா?”

அவள் இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆர்வம் தாங்காமல் நான் தலையை நீட்டிக் கேட்டது. அவசரத்தில் அவள் அதை வெட்ட மறந்திருக்கிறாள்.

“அந்த இடம் வந்தா நாங்க எல்லாரும் சேந்து, ‘வருது சார்!’னு கத்துவோம்,” என்றாள் காவ்யா.

வெட்டி எடுக்க இரண்டு நிமிடம் போதும். பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்களாம். ஸ்டெல்லா தொட மாட்டேன் என்கிறாள். காவ்யா இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறாள்; பதிவு அடுத்த வகுப்புப் பெண்களிடம் போய்விட்டது. போன மாதம் மறுபடி விடுதிக்குப் போயிருந்தோம். எல்லாம் புதுப் பெண்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. வாசலில் நின்று, “உள்ளே வரலாமா?” என்றுதான் கேட்டேன்.

“வருது சார்!” என்றது மொத்த அறையும்.