மூன்றாவது நாற்காலி

சிங்கப்பூரின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. 'ஏற்றம்' தோன்றுவதற்கு முந்தைய காலம், தோன்றிய பிறகான காலம். முந்தைய காலத்தில், ஊடகத்திலும் தொழில்நுட்பத்திலும் வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் காலையில் அலுவலகம் போனார்கள், மாலையில் வீடு திரும்பினார்கள். இப்போதும் அதையேதான் செய்கிறார்கள். ஆனால் மாதம் ஒருமுறை சையத் ஆல்வி சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் 'தலைவி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். இதன் மகத்துவம் விளங்காத சிலர் இதை டீ பார்ட்டி என்றார்கள். டீயோடு வடையும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

'ஏற்றம் ஊடக, தொழில்நுட்ப மகளிர் தலைமைத்துவ வலையமைப்பு' என்பது முழுப்பெயர். அதன் நிறுவனர், தலைவர், செயற்குழுவின் நிரந்தர அழைப்பாளர் மூவரும் திருமதி உமாமகேஸ்வரி. தொழிலால் தலைமைத்துவ ஆலோசகர். இதுவரை எதற்குத் தலைமை வகித்திருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது ஏற்றத்தின் பண்பாடு அல்ல.

"இங்க யாரும் மேடம் இல்ல. எல்லாரும் அக்கா தங்கச்சிதான்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார்.

"சரிங்க மேடம்" என்று எல்லாரும் சொல்வார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் ஈசூனில் குடியிருக்கும் முனீராவும் ஒருத்தி. தமிழ் நிகழ்ச்சிகளைக் காதால் கேட்டு, தானே திரையில் எழுத்தாக ஓட்டும் மென்பொருளை ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடமாக வளர்த்து வந்தாள். தேக்கா சந்தை மீன் கடைக்காரர் பேசினாலும் சரி, செய்தி வாசிப்பவர் பேசினாலும் சரி, அது பிழையில்லாமல் எழுதும். அந்தக் குழுவின் தலைவர் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் வெளியிலிருந்து ஓர் ஆண் வந்தார். இருவருக்கும் மென்பொருளை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுத்தது முனீராதான். இப்போது மூன்றாம் முறையாகக் காலி. இறுதிப் பட்டியலில் இரண்டே பேர்: அவள், ரஞ்சன்.

ரஞ்சன் நல்ல பையன். சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. ஏதாவது நின்றுபோனால் "முனீரா, இது ஏன் லா இப்படி?" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

முனீராவுக்கு இந்தப் பதவி வேண்டியிருந்தது. சும்மா அல்ல, வெறியோடு வேண்டியிருந்தது. ஏற்றத்துக்கு வந்து அதை வாய்விட்டுச் சொன்னாள். ஏற்றம் உடனே செயலில் இறங்கியது. செயலாளர் வர்ஷா அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்.

"நல்லா விரிஞ்சு உக்காருங்க. ஸ்பேஸ் எடுத்துக்குங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா வீக்னு நெனப்பாங்க."

"சிரிக்கலைன்னா?"

"திமிர்னு நெனப்பாங்க. அதனால பாதி சிரிங்க."

"எந்தப் பாதி?"

வர்ஷா கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் அது இல்லை.

பயிற்சியைவிடப் பெரிய பரிசு ஒன்று காத்திருந்தது. ஏற்றத்தின் உயிர்மூச்சான திட்டத்தின் பெயர் 'மூன்றாவது நாற்காலி'. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்தால், மூன்றாவது நாற்காலி ஒரு பெண்ணுக்கு. ஒன்றரை வருடம் கடிதம் எழுதி, விருந்து வைத்து, படம் எடுத்து, கடைசியில் ஒரு நிறுவனம் சம்மதித்தது. அது முனீராவின் நிறுவனம். நாற்காலியில் அமரப்போகிறவர், வேறு யார், திருமதி உமாமகேஸ்வரியே.

அன்று முனீரா வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு அரைக் கிலோ ஜிலேபி வாங்கினாள்.

நேர்காணல் வியாழக்கிழமை. தொழில்நுட்ப இயக்குநர் ஷங்கர் மென்பொருளைப் பற்றி எட்டுக் கேள்வி கேட்டார். முனீரா எட்டுக்கும் பதில் சொன்னாள். மனிதவளத் துறை கோவிந்தராசு, குழுவை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார். அதற்கும் சொன்னாள். பிறகு மூன்றாவது நாற்காலி தொண்டையைச் செருமியது.

"திருமதி முனீரா" என்றார் உமாமகேஸ்வரி, முதல்முறையாகப் பார்ப்பவரைப் போல. "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை? சின்னவங்களா? அவசரமா வேலை வந்தா யாரு பாத்துக்குவாங்க?"

கோவிந்தராசு பதறிப்போனார். "மேடம், அந்தக் கேள்விய நாங்க கேக்கறதில்ல. கேக்கக் கூடாது."

"நீங்க கேக்கக் கூடாது. நான் பெண். நான் கேக்கலாம்."

பெண்ணுரிமையின் இந்தப் புதிய எல்லையை இரண்டு ஆண்களும் தாளில் குறித்துக்கொண்டார்கள். முனீரா கையேட்டின்படி பாதி சிரித்தாள்.

அடுத்த வாரம் ரஞ்சன் மடிக்கணினி இல்லாமல் அவள் மேசைக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சாரி லா, முனீரா. உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நெனச்சேன். சத்தியமா."

"பரவால்ல. ஷங்கர் சாருக்குப் பிடிக்கலையா?"

"இல்லையே, அவரு உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். அவரே சொன்னாரு. கோவிந்தராசு எனக்கு." ரஞ்சன் தரையைப் பார்த்தான். "ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நின்னுச்சாம். மூணாவது ஓட்டு உங்க மேடம்."

அலுவலகத்தில் அழ இடமில்லை. மின்தூக்கியில் கேமரா. முனீரா ரயில் ஏறி, ஈசூன் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். தோற்றதற்காக மட்டும் அழவில்லை. ஜிலேபி வாங்கிய முட்டாள்தனத்துக்காகவும் அழுதாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மேடை முழுக்கப் பூ. 'மூன்றாவது நாற்காலி' மாபெரும் வெற்றி என்று பதாகை. முனீரா நேராக மேடைக்குப் போனாள்.

"அக்கா தங்கச்சின்னு சொன்னீங்களே. ஏன் எனக்குப் போடல?"

உமாமகேஸ்வரி அவள் தோளைத் தொட்டார். ஒலிவாங்கியை அணைக்கவில்லை. இப்படிப்பட்ட தருணங்கள் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை.

"முனீரா, உனக்கு ஓட்டுப் போடறது எனக்கு எவ்வளவு ஈஸி தெரியுமா? போட்டிருந்தா என்ன பேசுவாங்க? 'பாத்தியா, பொம்பள பொம்பளைக்குத்தான் போடுவா'ன்னு பேச மாட்டாங்க? அப்புறம் அடுத்த கம்பெனி நாற்காலி குடுக்குமா? நான் நடுநிலைன்னு நிரூபிச்சதால இன்னைக்கு ஏழு கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கு. ஏழு! எல்லாம் உன் தியாகம்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முனீராவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'மீண்டெழும் மங்கை' என்று ஒரு கண்ணாடிக் கேடயமும் கொடுத்தார்கள். அடுத்த மாதம் 'தோல்வியைக் கொண்டாடுவது எப்படி' என்று அவள் பேச வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாயிற்று.

பிறகு நிகழ்ச்சி நிரலின் அடுத்த அம்சம். குவீன்ஸ்டவுனில் ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் தலைமைப் பொறியாளரைத் தேடுகிறது. விண்ணப்பித்தவர்களில் இரண்டு பெண்கள். மூன்றாவது நாற்காலிக்கு ஆள் வேண்டும். உமாமகேஸ்வரி அந்த வாரம் கோலாலம்பூரில் தலைமைத்துவத்தைப் பற்றிப் பேசப் போகிறார்.

"நான் போறேன்" என்றாள் முனீரா, பொன்னாடையைக் கழற்றி மடித்துக்கொண்டே.

"யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்று கேட்டார் வர்ஷா.

"வேலை தெரிஞ்சவங்களுக்கு. அது பொண்ணா இருந்தா பொண்ணுக்கு. யோசிக்கவே மாட்டேன்."

அரங்கம் திடுக்கிட்டது. பின்வரிசையில் ஒருவர் வடையைக் கீழே வைத்தார். வர்ஷா குறிப்பேட்டில் 'பாரபட்சம்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

செயற்குழு அங்கேயே அவசரமாகக் கூடியது. தகுதிகள் வரையறுக்கப்பட்டன. ஒன்று, பெண்களின் கஷ்டத்தை அருகிலிருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். இரண்டு, பெண்களுக்குச் சாய்வார் என்று யாரும் சொல்ல முடியாதவராக இருக்க வேண்டும். மூன்று, தொழில்நுட்பத் துறையில் தலைமைப் பதவி வகிப்பவராக இருக்க வேண்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார்கள். மூன்றாவது தகுதியில் வந்து எல்லாப் பெயரும் நின்றுபோனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ரஞ்சனைக் கூப்பிடுங்க" என்றாள் முனீரா.

"ஆம்பளையையா?" என்றார் உமாமகேஸ்வரி.

"மூணு தகுதியும் இருக்குதே. இதுவரைக்கும் ஏற்றம் பதவியில ஏத்திவிட்ட ஒரே ஆளும் அவருதான், மேடம்."

உமாமகேஸ்வரி பட்டியலை மடித்து வைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர்: முனீரா.